ஒரு ஆளுக்கு இரண்டு பொறுப்பு
கனடாவின் ஹாமில்டனில் 1980களில், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பயிற்சி மருத்துவர்கள் போதவில்லை. மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் அனுபவமுள்ள நர்ஸ்களை மேற்படிப்பு படிக்கவைத்து அந்த இடத்தில் நிறுத்தியது. ஒரு கிலோகூட இல்லாத குழந்தையின் தொப்புள் ரத்தக்குழாயில் நூல் மாதிரிக் குழாயைச் செருகுவது, மூச்சுக்குழாயில் டியூப் போடுவது, வென்டிலேட்டரைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் அவர்கள் கையில். கூடவே புது நர்ஸ்களுக்குப் பயிற்சி, ஆராய்ச்சி வேறு.

பயிற்சி மருத்துவர்களோடு ஒப்பிட்டு 1996இல் வெளியான ஆய்வில், குழந்தைகளின் நிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. சரி, நல்ல ஏற்பாடுதான். ஆனால் ராத்திரி இரண்டு குறைப்பிரசவக் குழந்தைகள் சேர்ந்து வந்தால் முதலில் அடிபடுவது அந்தப் பயிற்சியும் ஆராய்ச்சியும்தான் (மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்). டியூட்டி பட்டியலிலேயே அதற்கென்று நாள் குறித்துவிட வேண்டும்.