பெரிய விட்ட ஏர் ரைஃபிளுக்கு ஸ்லக் தேர்வும் வார்ப்பும்

0.45 அங்குல ஏர் ரைஃபிள் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் சிறு அலகு) எடையுள்ள ஸ்லக், அதாவது உருளை வடிவக் காரீயக் குண்டு, போட வேண்டும் என்பதைத்தான். என் கணிப்பில் குழலின் விட்டத்தையும் காரீயத்தின் மென்மையையும் பார்த்த பிறகே எடைக்கு வர வேண்டும்.

வெடிமருந்தில் இயங்கும் .357 மேக்னம் என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை எழுவதால், சற்றே சிறிய குண்டுகூடப் பின்புறம் புடைத்துக் குழலை அடைத்துக்கொள்ளும். ஏர் ரைஃபிளின் கலனில் இருப்பதோ 3,000 பவுண்டு அளவிலான காற்று. அது கெட்டியான உலோகக் கலவையைப் புடைக்க வைக்காது. ஆகவே எண்ணெய் தடவிய குழலுக்குள் மென்மையான காரீயத் துண்டு ஒன்றைத் தடியால் மெதுவாகத் தள்ளி வெளியே எடுத்து, மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த அளவுக்கோ அதைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாகவோ ஸ்லக்கைத் தேர்ந்தெடுப்பதே முறை.

அடுத்தது, குண்டைச் சுழல வைக்கும் குழலின் உள்வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகின்றன என்பது. ஒரே விட்டத்தில் எடை கூடினால் நீளம் கூடும்; நிலையாகப் பறக்க எவ்வளவு சுழற்சி தேவை என்பதை முடிவுசெய்வது எடையைவிட நீளமே. 1879இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜார்ஜ் கிரீன்ஹில் தந்த சூத்திரப்படி, 0.457 அங்குல விட்டமும் ஓர் அங்குல நீளமும் உள்ள ஸ்லக்குக்கு ஏறத்தாழ 31 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும். இது தோராயக் கணக்கு. இறுதித் தீர்ப்பு இலக்குத் தாளில்தான்.

வார்ப்புக்குத் தூய காரீயமே சிறந்தது. அச்சு சரியாக நிரம்பவில்லையென்றால் நாற்பதுக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்க்கலாம். வாகனச் சக்கரங்களைச் சமன்படுத்தப் பொருத்தும் பழைய சக்கர எடைகள் மலிவுதான், ஆனால் அவற்றின் காரீயத்தில் கலந்துள்ள ஆன்டிமனி என்ற தனிமம் குண்டைக் கெட்டியாக்கிவிடும். அவற்றோடு துத்தநாக எடைகளும் கலந்து வரும். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகத்துக்கு 419 டிகிரிக்கு மேல் வேண்டும். பானையை 380 டிகிரிக்குள் வைத்திருந்தால் மேலே மிதக்கும் துத்தநாகத் துண்டுகளைக் கரண்டியால் எடுத்துவிடலாம். பேட்டரித் தகடுகளை உருக்கவே கூடாது. அவற்றின் கசடிலிருந்து நச்சு வாயு கிளம்பக்கூடும்.

அச்சு குளிர்ந்திருந்தால் ஸ்லக்கில் சுருக்கம் விழும். மிகச் சூடாக இருந்தால் பனி படர்ந்தாற்போல மங்கும். சுருங்கியவை பானைக்கே திரும்ப வேண்டும். மங்கல் லேசாக இருந்தால் நான் பொருட்படுத்துவதில்லை. உருகிய காரீயத்துக்குள் ஒரு துளி நீர் விழுந்தாலும் அது ஆவியாகி உலோகத்தை வாரி இறைக்கும் என்பதால் முகக் கவசமும் கையுறையும் கட்டாயம். இந்த வெப்பத்தில் புகையைவிடக் கசடுத் தூள்தான் அதிக ஆபத்து. கை வழியே வாய்க்குப் போகும்.

ஆறிய ஸ்லக்குகளை ஒவ்வொன்றாக நிறுக்கும்போது, மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்த எடையுள்ளவற்றின் உள்ளே காற்றுக்குழி இருக்கக்கூடும். அவற்றையும் மறுபடி உருக்கிவிடலாம்.