புரிந்ததா என்று கேட்டால் போதாது

நோயாளிக்கு விளக்கம் சொல்வது யாருடைய வேலை என்பதற்கு, நான் செவிலியராகப் பணியாற்றிய ஆண்டுகளில் பெரும்பாலும் எழுத்து வடிவில் பதில் இருந்ததில்லை. மருத்துவர் சொல்லியிருப்பார் என்று செவிலியர் நினைப்பார். செவிலியர் சொல்லிவிடுவார் என்று மருத்துவர் நினைப்பார். மருந்தாளுநர் கவரில் எழுதித் தருவார் என்று இருவரும் நினைப்பார்கள். இதற்கிடையில் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிக்கொண்டு நோயாளி பேருந்து ஏறியிருப்பார். மறுமாதம் அவர் மோசமான நிலையில் திரும்பி வந்தால், "சொன்னதைக் கேட்கவில்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படும். அந்த வரியை ஏற்றுக்கொள்ள என்னால் முடிந்ததே இல்லை. சொன்னது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டிய கடமை மருத்துவமனைக்கு உண்டு என்பதையே பணிக்காலம் முழுவதும் கூட்டங்களில் வலியுறுத்தி வந்தேன்.

கொங்குப் பகுதியில், பழனி பாதயாத்திரை போகும் சாலையை ஒட்டிய மருத்துவமனை அது. சுற்றிலும் தோட்டம் வைத்திருப்பவர்கள், விசைத்தறி ஓட்டுபவர்கள், பல தலைமுறைகளாக வணிகம் செய்யும் இஸ்லாமியக் குடும்பங்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நூற்பாலைகளுக்கு வந்திருக்கும் இளைஞர்கள் என எல்லோரும் எங்களிடம்தான் வருவார்கள். சர்க்கரை நோய்ப் பிரிவிலும் பொது மருத்துவ வார்டிலும் நான் கண்டவற்றை வைத்தே இதை எழுதுகிறேன்.

"புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டால் எங்கள் பகுதி மக்கள் "புரிஞ்சுதுங்க சிஸ்டர்" என்றே சொல்வார்கள். படித்தவர்முன் புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் ஒரு பக்கம். பின்னால் நாற்பது பேர் நிற்கும் வரிசையைத் தடுக்கக் கூடாது என்ற பெருந்தன்மை இன்னொரு பக்கம். ஆகவே அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இதை எனக்குத் தெளிவாக உணர்த்தியது இன்சுலின் ஊசி.

நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் செறிவு கொண்டது. அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மருந்துக்கடையில் சிவப்பு மூடி இல்லாத நாளில் ஆரஞ்சு மூடியை வாங்கிப் போகும் ஒருவர், 40 யூனிட் குப்பியிலிருந்து 20 என்ற கோடு வரை இழுத்தால் அவர் உடம்புக்குள் போவது 8 யூனிட் மட்டுமே. சர்க்கரை இறங்காது, அடுத்த முறை வரும்போது அளவு கூட்டப்படும், அதுவும் பயன் தராது. பிறகொரு நாள் கடையில் சரியான சிரிஞ்சு கிடைத்துவிட்டால், கூட்டிய அளவு முழுவதும் உள்ளே போய்ச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். இப்படி ஏறியும் இறங்கியும் தவித்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, வீட்டில் எப்படிப் போடுகிறீர்களோ, அதே ஊசியைக் கொண்டுவந்து எனக்குப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்டபோதுதான் காரணம் வெளிவந்தது. அவர் எதையும் மறக்கவில்லை, அலட்சியமாகவும் இல்லை. சிரிஞ்சில் இரண்டு வகை உண்டு என்பதை எவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அதன்பின் எங்கள் பிரிவில் ஒரு விதி வந்தது. இன்சுலின் தொடங்கும் எவரும், அல்லது வீட்டில் அவருக்கு ஊசி போடப் போகிறவர், தம் கையால் மருந்தை இழுத்துக் காட்டிய பிறகே டிஸ்சார்ஜ். ஒருவருக்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். அந்தப் பத்து நிமிடம் பணி அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் ஒரு தாழ்சர்க்கரை மயக்கத்துக்கு அவசரப் பிரிவில் செலவாகும் நேரத்தையும் அதே அட்டவணையில் வைத்துத்தான் அதற்குப் பதில் காண வேண்டும்.

பண்பாட்டை அறிந்து பணியாற்றுவது என்று பயிற்சி வகுப்புகளில் பேசப்படுவதன் பொருளை நான் தைப்பூசக் காலத்தில்தான் முழுமையாக உணர்ந்தேன். ஆண்டுதோறும் தைப்பூசம் முடிந்த கையோடு, காலில் கொப்புளமும் புண்ணுமாகச் சர்க்கரை நோயாளிகள் வார்டுக்கு வருவார்கள். நரம்புகள் மரத்துப்போன பாதத்துக்குத் தார்ச்சாலையின் சூடும் தெரியாது, முள் ஏறியதும் தெரியாது. வீங்கிச் சீழ் வைத்த பிறகே கவனிப்பார்கள். விரலை எடுக்க வேண்டிய நிலைக்கு வந்தவர்களும் உண்டு. "செருப்பில்லாமல் நடக்கக் கூடாது" என்று மருத்துவர்கள் ஒவ்வொரு முறையும் சொல்லியிருந்தார்கள். நோயாளிகள் தலையை ஆட்டிவிட்டு, எங்களிடம் சொல்லாமல் நடந்தார்கள். தடை போட்டதன் பலன், அவர்கள் எங்களிடம் மறைத்தது மட்டுமே. பேரனுக்கு உயிர் கொடுத்த முருகனுக்கு நேர்ந்துகொண்டதை ஒரு பாட்டி மருந்துச் சீட்டுக்காகக் கைவிடுவார் என்று எதிர்பார்த்தது எங்கள் அறியாமைதான்.

ஆகவே மார்கழி தொடங்கியதும் சர்க்கரைப் பிரிவுக்கு வரும் எல்லோரிடமும் "இந்த வருஷம் பழனிக்கு நடக்கிறீங்களா?" என்று வெளிப்படையாகக் கேட்கத் தொடங்கினோம். நடக்கிறேன் என்பவர்களுக்கு 10 கிராம் மோனோஃபிலமெண்ட் இழையைப் பாதத்தில் பல இடங்களில் தொட்டு உணர்ச்சி பார்த்தோம். உணர்ச்சி குறைந்தவர்களிடம் எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் செருப்பு அணிந்து நடக்கலாம் என்றும், முடியாத தூரத்தைக் குழுவின் வண்டியில் கடக்கலாம் என்றும், ஒவ்வொரு இரவும் இன்னொருவரை விட்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்றும் விளக்கினோம். விரதமிருந்து ஒருவேளை மட்டும் உண்பவர்கள் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளை வழக்கம்போல் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தால் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால், புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளச் சொன்னோம். எங்கள் எல்லோரின் பேச்சையும்விட அதிகம் பயன்பட்டது, பல குழுக்களை அழைத்துச் செல்லும் ஒரு குருசாமியின் சொல். உடம்பு முடியாதவர்கள் செருப்போடு நடந்து வந்து அடிவாரத்தில் கழற்றினால் போதும் என்று அவர் தம் குழுவினரிடம் சொன்னார். அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை அவருக்குத்தான் இருந்தது, எங்களுக்கு இல்லை. அவரைத் தேடிப் போய் உட்கார்ந்து பேசுவதும் மருத்துவமனையின் வேலைதான் என்பதை ஏற்கச் சிலருக்குக் காலம் பிடித்தது.

ரமலானுக்கும் இதே வழிதான். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்ற அச்சம் பலரிடம் இருந்தது. அப்படி முறியாது என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியிருப்பதைப் பள்ளிவாசல் வழியாகவே தெரியப்படுத்தினோம். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்ற வரியை ஓர் அட்டையில் அச்சிட்டுக் கொடுத்தோம்.

வடமாநிலத் தொழிலாளர்கள் விஷயத்தில் நடந்தது இவை எல்லாவற்றையும்விட வருத்தமானது. காசநோய் உறுதியான ஒடிசா இளைஞர் ஒருவருக்கு, உடன் வந்த ஆலை மேற்பார்வையாளரே மொழிபெயர்த்தார். அவர் நல்லெண்ணத்தோடுதான் வந்திருந்தார். ஆனால் இளைஞர் விடுதிக்குத் திரும்பும் முன்பே செய்தி ஆலைக்குப் போய்விட்டது; அவர் விடுதியில் தங்கும் இடத்தை இழந்தார். மருந்து சாப்பிடத் தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறமே தவிரக் கெடுதல் அல்ல என்று நாங்கள் சொன்னதும் அவரை வந்தடையவில்லை. இரத்தம் போகிறதென்று பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து அது. மாதந்தோறும் கிடைக்கும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018இல் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில் 1000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது; அதற்குத் தாம் உரியவர் என்பதும் அவருக்குத் தெரியாது.

வேலை கொடுப்பவரோ, அவரது ஆளோ மொழிபெயர்ப்பாளராக இருக்கக் கூடாது என்று அதன்பின் முடிவெடுத்தோம். வீட்டுப் பிள்ளைகளையும் அதற்குப் பயன்படுத்துவதில்லை. தாயின் கருப்பை இரத்தப்போக்கைப் பற்றிப் பள்ளிச் சிறுமி ஒருத்தி மருத்துவரிடம் சொல்ல நேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் துப்புரவுப் பணியாளர்களிலேயே ஒடியா, இந்தி பேசுபவர்கள் இருந்தார்கள். அவர்களில் விருப்பமுள்ளவர்களுக்கு நோய்ப்பெயர்களையும், கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற நெறியையும் கற்பித்து, இந்த வேலைக்கென்று தனியாகப் பணமும் வழங்க ஏற்பாடு செய்தோம். பணம் கொடுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கூலியில்லாத வேலையை நிறுவனம் தன் வேலையாக ஒருநாளும் கருதுவதில்லை.

இவை கருணையால் செய்யும் கூடுதல் சேவைகள் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றைப் போதுமான அளவு அறிந்து தரும் சம்மதமே செல்லும் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனமும் தகவல் பெறும் உரிமையை முதன்மையாக வைக்கிறது. அப்படியிருந்தும், இரண்டு பக்கம் பொடியெழுத்தில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தில் அறுவை அரங்கின் வாசலில் வைத்துக் கைரேகை வாங்கும் வழக்கம் பல இடங்களில் தொடர்கிறது.

உணவு அறிவுரைத் தாளையும் மாற்றி எழுதினோம். உப்பைக் குறையுங்கள் என்றால் குழம்பில் குறைப்பார்கள்; கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் அப்படியே இருக்கும். அவற்றின் பெயர்களையே தாளில் எழுதினோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து உப்பு ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று சேர்த்தோம். தாளை அச்சுக்கு அனுப்புமுன் வார்டில் இருக்கும் நோயாளிகளிடம் படித்துக் காட்டித் திருத்தினோம்.

டிஸ்சார்ஜ் படிவத்தில் இப்போது ஒரு கட்டம் இருக்கிறது. வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, நோயாளி தம் சொற்களில் சொன்னதைச் செவிலியர் அதில் எழுத வேண்டும். மாதாந்திரக் கூட்டத்தில் அந்தக் கட்டங்கள் வாசிக்கப்படும்போது, எந்த விளக்கம் தவறாகப் போய்ச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடுகிறது. இரவில் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களின் படிவங்களில் மட்டும் அது பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. ஐம்பது படுக்கைக்கு இரண்டு பேர் நிற்கும் நேரம் அது. அந்த வேளைக்கென்று ஒரு செவிலியரைத் தனியே நியமிக்கும்படி நான் எழுதிய கோரிக்கைக்கு நிர்வாகம் இன்னும் பதில் தரவில்லை. என் இடத்துக்கு வந்திருக்கும் இளைய செவிலியர் இந்த மாதக் கூட்டத்தில் அதை மீண்டும் முன்வைக்கிறார்.