மாடுலேட்டிங் பர்னர் நின்று நின்று எரிந்ததும் பிரஷர் கன்ட்ரோல்களைச் செட் செய்ததும்

எங்கள் ஸ்டீம் பாய்லரில் இருந்தது, தேவைக்குத் தக்கபடி தீயைக் கூட்டிக் குறைக்கும் மாடுலேட்டிங் பர்னர்தான், ஆனால் ஓடியது ஆன்-ஆஃப் பர்னர் மாதிரி. நல்ல தீயோடு எரிந்துகொண்டிருக்கும்போதே அணையும். கொஞ்ச நேரத்தில் மறுபடி பர்ஜ் (பற்றவைக்கும் முன் ஃபர்னஸைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வது), பற்றவைப்பு, நேராக ஹை ஃபயர், அதாவது முழுத் தீ. ஒவ்வொரு பர்ஜிலும் ஃபேன் சூடான ஃபர்னஸ் வழியே குளிர்ந்த காற்றைத் தள்ளுகிறது. எரிபொருள் செலவழித்து ஏற்றிய சூடு அப்படியே புகைபோக்கியில் போய்விடும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனசு வரவில்லை.

பர்னர் டெக்னீஷியனை வைத்துக்கொண்டு மோட்டார், லிங்கேஜ், எரிபொருள் வால்வ் எல்லாம் பார்த்தோம். எதிலும் கோளாறு இல்லை. அப்புறம்தான் பிரஷர் கன்ட்ரோல்கள் பக்கம் திரும்பினோம்.

அங்கே மூன்று இருக்கும். பர்னரை ஆன்-ஆஃப் செய்யும் ஆபரேட்டிங் கன்ட்ரோல் ஒன்று. அது தவறினால் பர்னரை நிறுத்தி, கையால் ரீசெட் செய்யும் வரை விடாத ஹை லிமிட் இரண்டாவது. தீயைக் கூட்டிக் குறைக்கும் மாடுலேட்டிங் கன்ட்ரோல் மூன்றாவது. எங்களுடையதில் ஆபரேட்டிங் கன்ட்ரோல் 8.5 கிலோ பிரஷரில் (சதுர செ.மீ.க்கு) ஆஃப், 7.5-ல் ஆன். மாடுலேட்டிங் கன்ட்ரோலோ 8-லிருந்து 9-க்குள் தீயைக் குறைக்கும்படி இருந்தது. 9 கிலோ வந்தால்தான் லோ ஃபயர், அதாவது மிகக் குறைந்த தீ; அதற்குள் 8.5-லேயே பாதித் தீயில் பர்னர் அணைந்துவிடும். திரும்ப 7.5-ல் பற்றும்போது கன்ட்ரோல் முழுத் தீ கேட்கும்.

பர்னர் லோ ஃபயரில் பற்ற வேண்டும், லோ ஃபயரில் அணைய வேண்டும். அப்படியென்றால் மாடுலேஷன் நடக்கும் பிரஷர் முழுவதும் ஆபரேட்டிங் கன்ட்ரோலின் ஆன் புள்ளிக்குக் கீழே இருக்க வேண்டும். எங்கள் சேஃப்டி வால்வ் திறக்கும் பிரஷர் 10.5 கிலோ. அதிலிருந்து கீழே இறங்கி வந்தோம்: ஹை லிமிட் 9.5, ஆபரேட்டிங் ஆஃப் 8.5, ஆன் 8, லோ ஃபயர் 7.8, ஹை ஃபயர் 7.

டயலில் இருக்கும் கோடுகளை நம்பிச் செட் செய்யக் கூடாது. சரிபார்த்த கேஜ்தான் கணக்கு. ஆபரேட்டிங் கன்ட்ரோலில் ஆஃபுக்கும் ஆனுக்கும் உள்ள வித்தியாசமான டிஃபரன்ஷியலை மெயின் செட்டிங்கிலிருந்து கழிக்க வேண்டுமா, கூட்ட வேண்டுமா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். எங்களுடையது கழிக்கும் வகை. அதனால் மெயின் 8.5, டிஃபரன்ஷியல் 0.5. சாய்வைப் பொறுத்து பாதரசம் நகர்ந்து இயங்கும் மெர்க்குரி ஸ்விட்ச் வகை என்பதால், சாயாமல் மட்டமாக இருக்கிறதா என்றும் பார்த்தோம். கன்ட்ரோலைத் தாங்கும் வளைந்த குழாயான சைஃபனின் வளையம், கன்ட்ரோலின் முகத்துக்கு 90 டிகிரியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் சைஃபன் விரியும்போது கன்ட்ரோல் சாய்ந்து செட்டிங் மாறிவிடும்.

முதலில் பர்னரை மேனுவலில் லோ ஃபயரில் எரியவிட்டு, ஸ்டீம் வால்வை மெல்லக் குறைத்து, அணைவதும் பற்றுவதும் எந்த பிரஷரில் என்று பார்த்தோம். அடுத்து ஹை லிமிட். ஆபரேட்டிங் கன்ட்ரோலைத் தற்காலிகமாக ஏற்றி வைத்து, பாய்லரை விட்டு நகராமல், 9.5-ல் ட்ரிப் ஆகிறதா என்று பார்த்து, உடனே பழைய இடத்துக்கு இறக்கினோம். இதைச் செய்யாமல் விடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

அதிக நேரம் பிடித்தது மாடுலேட்டிங் கன்ட்ரோல்தான். லோ ஃபயருக்கும் ஹை ஃபயருக்கும் உள்ள இடைவெளியை 0.4 கிலோவாக வைத்தபோது பிரஷர் கொஞ்சம் அசைந்தாலும் தீயை மாற்றும் மோட்டார் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. மோட்டார் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்வதற்குள் பிரஷர் தாண்டிப் போய்விடுகிறது. 0.8 ஆக்கியதும் அடங்கியது. இன்னும் அகலமாக்கலாம், ஆனால் லோடு ஏறும்போது பிரஷர் ரொம்ப இறங்கிவிடும்.

இப்போது வேலை நேரத்தில் பர்னர் அணைவதே அபூர்வம். லோடு லோ ஃபயருக்கும் கீழே போகும் நேரங்களில் மட்டும் அணைந்து அணைந்து எரிகிறது. அதை எந்த மாடுலேஷன் செட்டிங்கும் தடுக்காது. பர்னரால் அதற்குக் கீழே எரிய முடியாது. அதனால் ஆஃப் புள்ளியை மட்டும் 8.7-க்கு ஏற்றி, டிஃபரன்ஷியலை 0.7 ஆக்கினோம். ஆன் 8-லேயே இருக்கிறது, அணைந்து பற்றும் இடைவெளி நீண்டிருக்கிறது.