ஒற்றுமையா, ஒற்றை அமைப்பா? போர்ச்சுகல் கேள்விக்கு நான் படித்த விதம்

எம்.ஏ. அரசியல் அறிவியல் மாதிரித் தேர்வில் போர்ச்சுகல் தொழிற்சங்க விவாதம் 15 மதிப்பெண் கேள்வியாக வந்தது. நான் வாங்கியது 5. சோஷலிஸ்ட்டுகளுக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கும் நடந்த கட்சிச் சண்டை என்றே மூன்று பக்கம் எழுதியிருந்தேன். திருத்திய பேராசிரியை ஓரத்தில் கேட்டிருந்தார்: "சட்டம் என்ன சொன்னது?"

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். போர்த்துக்கீசியத்தில் 'உனிதாத்' என்றால் ஒற்றுமை. 'உனிசிதாத்' என்றால் ஒன்றே ஒன்றாக இருப்பது. 1974 ஏப்ரலில் ராணுவ அதிகாரிகளின் புரட்சி சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தபின், 1975 ஜனவரியில் எழுந்த மோதல் இரண்டாவது சொல்லைப் பற்றித்தான். நாட்டுக்கு ஒரே மத்திய தொழிற்சங்க அமைப்பு என்று சட்டத்திலேயே எழுதலாமா? ஒற்றுமை வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. நான் தவறவிட்டது இதைத்தான்.

இரு தரப்பு வாதத்தையும் அதன் முழு வலுவோடு எழுதிப் பழகுங்கள். 1970இல், சர்வாதிகாரம் இருக்கும்போதே, உருவானது இன்டர்சிண்டிகல் என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு. அதையே ஒரே மத்திய அமைப்பாகச் சட்டம் ஏற்க வேண்டும் என்பது கம்யூனிஸ்ட்டுகளின் நிலை. அடக்குமுறைக்கு நடுவே கட்டிய அமைப்பைச் சிதறவிட்டால் முதலாளிகளுக்கே லாபம் என்று அதன் ஆதரவாளர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது. எதிர்த்தவர்களில் முக்கியமானவர், இரு கட்சிகளும் சேர்ந்திருந்த கூட்டணி அரசில் நீதி அமைச்சராக இருந்த சோஷலிஸ்ட் சல்கதோ ஜென்யா. எத்தனை சங்கம் என்பதைத் தொழிலாளர்தான் முடிவு செய்ய வேண்டும், சட்டம் அல்ல என்பது அந்தத் தரப்பின் நிலை. சர்வாதிகாரி சலாசார் 1933இல் கொண்டுவந்த தொழில் சட்டமும் அரசு அங்கீகரித்த ஒற்றைச் சங்க முறைதான் என்பதைச் சேர்த்தால் இந்த வாதத்தின் கூர்மை புரியும். எனக்கு இதுவே சரியாகப் படுகிறது.

தேதிகளில் ஒரு ஜோடியை மட்டும் விடாதீர்கள். 1975 ஏப்ரல் 25 தேர்தலில் சோஷலிஸ்ட்டுகள் ஏறக்குறைய 38 சதவீதம், கம்யூனிஸ்ட்டுகள் 12.5 சதவீதம். ஐந்தே நாளில், ஏப்ரல் 30 அன்று, ஒற்றை அமைப்புச் சட்டம் வெளியானது. கம்யூனிஸ்ட்டுகளுக்குத் தெருவிலும், புரட்சி நடத்திய ராணுவ இயக்கத்திலும் இருந்த பலம் வேறு, வாக்குப்பெட்டியில் இருந்த பலம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

1976 அரசியலமைப்பு சங்கச் சுதந்திரத்தை உறுதிசெய்தது. 1978இல் யு.ஜி.டி. என்ற இரண்டாவது மத்திய அமைப்பு பிறந்தது. இவற்றுக்கு இரண்டு வரி போதும்.

இறுதித் தேர்வில் முதல் பக்கம் முழுவதையும் அந்த இரண்டு சொற்களுக்கே கொடுத்தேன்.