பெட்டி மேல் இருந்த எண்

அப்பா கடற்படையில் 15 ஆண்டுகள் சிக் பெர்த் அட்டெண்டன்டாக, அதாவது நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவ உதவியாளராக இருந்தவர். பெரும்பகுதி மும்பை கொலாபாவில் உள்ள அஸ்வினி மருத்துவமனையில். ஓய்வு பெற்றுக் கோத்தகிரிக்கு வந்த பிறகும், தேயிலைத் தோட்ட லயன் வீடுகளில் யாருக்குக் காயம் பட்டாலும் கட்டுப்போட முதலில் அவரைத்தான் தேடுவார்கள்.

போன ஆடியில் அவர் காலமானார். குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிய விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. பணி ஆவணத்தில் அம்மா பெயர் சரசு, ஆதாரில் சரஸ்வதி. அவ்வளவுதான். இதற்காக ஐந்து மாதம் ஓடிவிட்டது.

கடற்படை மருத்துவப் பிரிவு முன்னாள் வீரர்கள் சங்கத்தில் இருக்கும் குன்னூர்க்காரர் ஒருவரின் தொலைபேசி எண் கிடைத்தது. பேசியதும் அவர் கேட்டது, "அப்பாவின் சர்வீஸ் நம்பர் என்னம்மா?" எனக்குத் தெரியவில்லை. அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டியை இழுத்தார். மூடியில் வெள்ளைப் பெயின்டில், அப்பா கையால் எழுதிய எண், ஓர் இலக்கம்கூட அழியாமல் இருந்தது.

மறுவாரம் அவரே பஸ் ஏறி வந்துவிட்டார். அப்பாவை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் வாசலிலேயே "அண்ணி" என்றுதான் கூப்பிட்டார். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம், திருமணப் பதிவு நகல், இறப்புச் சான்று எல்லாவற்றையும் ஊட்டியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பச் சொன்னார். மாலுமிகளின் ஆவணங்கள் இருப்பது மும்பை மான்குர்டில் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இப்படி ஓர் அலைச்சலில் இருப்பவர்கள் எதை அனுப்பினாலும் நகலும் தபால் ரசீதும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவை இரண்டு முறை கைகொடுத்தன.

திருத்திய ஆணை வந்தது. அடுத்து, ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்று. முப்பது வருடம் கொழுந்து பறித்த விரல்கள். ரேகையைக் கருவி ஏற்கவே இல்லை. அம்மா கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்ததைப் பார்க்க முடியவில்லை. முகத்தைக் காட்டியும் பதிவு செய்யலாம் என்று குன்னூர்க்காரர்தான் சொன்னார். கைபேசியிலேயே முடிந்தது.

வேலை முடிந்ததும் அவர் பையிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்தார். அம்மா கையில் பட்டையைச் சுற்றிவிட்டு, "கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள் அண்ணி" என்றார்.

"அவரும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, அம்மா வாயை மூடிக்கொண்டார்.