பாட்டின் நடுவே எட்டு வினாடி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்துவரும் நண்பர் ஒருவரின் வீட்டில், ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளை தட்டைச் சுழற்றும் இரண்டு டர்ன்டேபிள்களில் ஏற்றிவைத்து, அந்தப் பாட்டின் நடுவே வரும் எட்டு வினாடி டிரம் பகுதியை மட்டும் இடைவிடாமல் ஒலிக்கவைக்க முடியுமா என்று முயன்று பார்த்தேன். இடது தட்டில் அந்தப் பகுதி முடியும் தறுவாயில் வலது தட்டை ஓடவிட வேண்டும். அது ஓடிக்கொண்டிருக்கும் எட்டு வினாடிக்குள் இடது தட்டைக் கையால் பின்னோக்கிச் சுற்றித் தொடக்கத்தில் கொண்டுவந்து பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு மீண்டும் இடது, மீண்டும் வலது. முதல் முயற்சியிலேயே முள் துள்ளிப் பாட்டின் வேறொரு மூலையில் போய் விழுந்தது. அடுத்த முறை முள் நின்றது, தாளம் அரையடி தள்ளிப்போனது. ஒரு மணி நேரத்தில் அதிகபட்சமாக மூன்று சுற்றுகளைத் தாளம் தவறாமல் ஓட்டியிருப்பேன். "முள் என்ன விலை தெரியுமா?" என்று நண்பர் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன்.

ஹிப் ஹாப் என்றதும் நம் காதில் முதலில் விழுவது வேகமாக, எதுகை மோனையோடு அடுக்கிச் சொல்லப்படும் ராப் என்ற பேச்சு. அதனால் அதன் வரலாற்றையும் சொற்களின் வரலாறாகவே எழுதுகிறோம். உண்மையில் அது தொடங்கியது அந்த எட்டு வினாடியில். தொடங்கியவை தட்டைச் சுற்றிய கைகள். சொல் பின்னால் வந்தது. வந்த சொல் எப்படி வீட்டையே எடுத்துக்கொண்டது, கைகள் எங்கே போயின என்பதுதான் பல ஆண்டுகளாக என்னை ஈர்த்துவரும் கதை.

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவில், 1520 என்ற எண்ணுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளப் பொதுக்கூடத்தில் 1973 ஆகஸ்ட் 11 அன்று சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு விருந்து நடத்தினார். பள்ளி திறக்கும் நேரம். புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும் என்பதுதான் காரணம். அழைப்பு, சிறிய அட்டைகளில் கையால் எழுதப்பட்டது. பெண்களுக்கு நுழைவுக் கட்டணம் 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போடும் பொறுப்பு அண்ணன் கிளைவுக்கு. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 1967-ல் குடும்பத்தோடு பிராங்க்ஸுக்கு வந்த அந்த 18 வயது இளைஞர் அப்போதே கூல் ஹெர்க் என்ற பெயரில் அறியப்பட்டிருந்தார். ஒலிபெருக்கிக் கருவிகள் அவருடைய அப்பாவினுடையவை. ஓர் இசை வடிவத்துக்குப் பிறந்தநாளும் கதவிலக்கமும் சொல்ல முடிவது அபூர்வம். சொல்லப்படும் பிறந்தநாட்களை நான் பொதுவாக நம்புவதில்லை. எதுவும் ஒரே மாலையில் பிறந்துவிடுவதில்லை. ஆனாலும் இந்தத் தேதியை ஏற்றுக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை, ஏனென்றால் அந்தக் கூடத்தில் நடந்தது பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அளவில் பொருந்துகிறது: சிறிய இடம், கடன் வாங்கிய கருவி, துணிக்குப் பணம்.

அந்தக் கட்டடத்துக்கு வெளியே இருந்த பிராங்க்ஸையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி திட்டமிட்ட கிராஸ் பிராங்க்ஸ் விரைவுச்சாலை 1948-ல் தொடங்கி, குடியிருப்புகளின் நடுவே வெட்டிக்கொண்டு போனது. பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். போக முடிந்தவர்கள் புறநகருக்குப் போனார்கள். மிஞ்சிய கட்டடங்களில் வாடகை வருமானத்தைவிடக் காப்பீட்டுத் தொகை பெரிதாகத் தெரியத் தொடங்கியபோது, உரிமையாளர்களே ஆள் வைத்துத் தீ வைத்த சம்பவங்கள் பெருகின. 1970-க்கும் 1980-க்கும் இடையே பிராங்க்ஸின் ஏழு கணக்கெடுப்பு வட்டாரங்கள் தம் கட்டடங்களில் 97 விழுக்காட்டுக்கு மேல் இழந்தன. நகராட்சியிடம் பணமில்லாமல் போனபோது பள்ளிகளின் இசை வகுப்புகளும் குறைந்தன. கருவி வாசிக்கக் கற்றுத்தர ஆளில்லாத ஊரில், வீட்டில் இருந்த ரெக்கார்ட் பிளேயரே கருவியானது.

ஹெர்க் செய்தது என்ன? தொடக்கத்தில் அவர் ஜமைக்கப் பாட்டுகளைப் போட்டுப் பார்த்தார். பிராங்க்ஸ் இளைஞர்கள் அதற்கு அசையவில்லை. ஜேம்ஸ் பிரவுன் போன்றவர்களின் ஃபங்க் பாட்டுகளைப் போட்டபோது ஆடினார்கள். ஆடுபவர்களைக் கவனித்துக்கொண்டே இருந்த அவர் கண்ணில் ஒன்று பட்டது. சிலர் பாட்டு முழுவதும் சுவரோரம் நிற்பார்கள். பாடகரும் மற்றக் கருவிகளும் ஓய்ந்து டிரம்மும் பாங்கோவும் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில வினாடிகள் வந்ததும் பாய்ந்து நடுவில் வருவார்கள். அது முடிந்ததும் சுவருக்குத் திரும்பிவிடுவார்கள். பாட்டு உடைந்து தாளம் மட்டும் நிற்கும் அந்த இடத்துக்குப் பெயர் பிரேக். இவர்கள் காத்திருப்பது இதற்குத்தான் என்றால் இதை மட்டுமே போட்டால் என்ன என்று ஹெர்க் யோசித்தார். பிரேக் விட்டுப் பிரேக் தாவி, பிறகு ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, சில வினாடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் மெர்ரி-கோ-ரவுண்ட், நம் ஊர்த் திருவிழா ராட்டினம்தான். பிரேக்குக்கு ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள் ஆனார்கள். எந்தத் தட்டிலிருந்து எந்தப் பிரேக் வருகிறது என்பது தொழில் இரகசியமாக இருந்ததால், தட்டின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடும் வழக்கமும் வந்தது.

ஆனால் ஹெர்க் முள்ளைக் கண் மதிப்பில் வைத்தார். இங்கும் அங்கும் தாளம் இடறியது. கூட்டத்துக்கு அது பொருட்டாக இல்லை. ஒருவருக்குப் பொருட்டாக இருந்தது. பார்படோஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்த ஜோசப் சாட்லர், தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். கையில் கிடைத்த எந்தக் கருவியையும் பிரித்துப் பார்க்கும் குணம் கொண்டவர். பின்னாளில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்று அறியப்பட்ட இவர், சிக்கலைத் தொழில்நுட்பச் சிக்கலாகவே பார்த்தார். தட்டின் மீது கிரேயானால் கோடு போட்டு, பிரேக் தொடங்கும் இடத்தைக் கடிகார முள்ளைப் போலக் குறித்தார். எத்தனை சுற்றுப் பின்னால் போக வேண்டும் என்பதை அந்தக் கோட்டைப் பார்த்து எண்ணினார். கூட்டத்துக்குக் கேட்காமல் தனக்கு மட்டும் அடுத்த தட்டைக் கேட்டுப்பார்க்கும் ஹெட்ஃபோன் இணைப்பைத் தானே அமைத்தார். டர்ன்டேபிளில் இருக்கும் ரப்பர் விரிப்பு தட்டைப் பிடித்துக்கொள்வதால், அதை எடுத்துவிட்டு, கஞ்சி போட்டு விறைப்பாக்கிய கம்பளித் துணியை வட்டமாக வெட்டி வைத்தார். இப்போது அடியில் டர்ன்டேபிள் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே தட்டு கையின் சொல்படி நிற்கும், பின்னால் போகும், விட்டதும் பாயும். நண்பர் வீட்டில் என் முள் துள்ளியதற்கும் இந்தத் துணிக்கும் சம்பந்தம் உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அங்கே இருந்தது ரப்பர் விரிப்பு. கை பழகாதது அதைவிடப் பெரிய காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இத்தனையும் செய்துமுடித்து ஃபிளாஷ் முதன்முதலாகத் தன் வித்தையைக் கூட்டத்தின் முன் காட்டியபோது, அவர்கள் ஆடவில்லை. நின்று வேடிக்கை பார்த்தார்கள். இதை அவரே பிற்காலத்தில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். கைவித்தை மிகத் துல்லியமானதால் அது ஆட்டத்துக்குரியதாக இல்லாமல் பார்ப்பதற்குரியதாகிவிட்டது. கூட்டத்தின் கவனத்தைத் தன் கைகளிலிருந்து விலக்கித் திரும்ப ஆடவைக்க ஒருவர் மைக்கில் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஹெர்க்கின் விருந்துகளில் கோக் லா ராக் என்பவர் நண்பர்களின் பெயரைச் சொல்லிக் கூவுவது ஏற்கெனவே உண்டு. ஃபிளாஷ் சேர்த்துக்கொண்ட கவ்பாய், மெல்லி மெல், கிட் கிரியோல் ஆகியோர் அந்தக் கூவலைத் தாளத்துக்குள் உட்காரவைத்து, ஒருவர் விட்ட அடியை மற்றவர் எடுத்து முடிக்கும் அளவுக்கு வளர்த்தார்கள். இந்த ஒரு திருப்பத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது: தட்டுக்காரர் தனக்கு உதவியாகப் பேச்சுக்காரரை அழைத்துவந்தார்.

1970-களின் நடுவில் தியோடர் என்ற சிறுவன், சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அம்மா அறைக்கு வந்தபோது தட்டைக் கையால் பிடித்து நிறுத்தப்போய், முன்னும் பின்னும் இழுபட்ட அந்தக் கீறல் ஒலியைக் கண்டுகொண்டான், அதுவே ஸ்கிராட்ச். அதுவும் கையின் சொத்துதான்.

இத்தனை ஆண்டுகளும் இது இசைத்தட்டாக வெளிவரவில்லை. பூங்காவில் விளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்து நடத்தும் இரவுகளும், அவற்றைப் பதிவுசெய்து கைமாறிய கேசட்டுகளும்தான். ஏற்கெனவே உள்ள தட்டுகளைக் கொண்டு செய்வதை இன்னொரு தட்டாக யார் வாங்குவார் என்று அந்த உலகத்தில் இருந்தவர்களே நினைத்தார்கள். 1979-ல் நியூ ஜெர்சியின் எங்கிள்வுட்டில் சிறு நிறுவனம் நடத்திய சில்வியா ராபின்சன் வேறு மாதிரி நினைத்தார். அவர் மூன்று இளைஞர்களைக் கூட்டிச் சுகர்ஹில் கேங் என்ற பெயரில் வெளியிட்ட 'ராப்பர்ஸ் டிலைட்' அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டின் முதல் நூறில் 36-ஆம் இடம்வரை வந்தது. அதன் நீண்ட வடிவம் பதினான்கு நிமிடத்துக்கு மேல். பின்னணியில் ஓடுவது 'சிக்' குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டின் பேஸ் இசை. ஆனால் அதைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை, ஸ்டூடியோவில் இசைக்கலைஞர்களை உட்காரவைத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்தார்கள். அதாவது, ஹிப் ஹாப்பை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய பதிவில் டி.ஜே. என்ற தட்டுக்காரரே இல்லை. மூவரில் ஒருவர் சொன்ன அடிகள் பிராங்க்ஸின் கிராண்ட்மாஸ்டர் கேஸ் எழுதியவை. பாட்டில் தன் பெயரென்று அவர் எழுத்துக்கூட்டிச் சொல்வதும்கூட கேஸின் மேடைப்பெயரைத்தான். திருடியவர் அதை மாற்றக்கூட மெனக்கெடவில்லை.

1981-ல் ஃபிளாஷ் தன் கைகளுக்காகவே ஒரு பதிவு செய்தார்: ஏழு நிமிடம், முழுக்கத் தட்டுகளை வெட்டி ஒட்டியது. இன்று கேட்டாலும் மெய்சிலிர்க்கிறது. ஆனால் அடுத்த ஆண்டு அவருடைய குழுவின் பெயரில் வந்து புகழின் உச்சிக்குப் போன 'தி மெசேஜ்' பாட்டில் ஃபிளாஷின் பங்கு எதுவும் இல்லை. குழுவிலிருந்து ராப் செய்தவர் மெல்லி மெல் மட்டும், அவரோடு நிறுவனத்தின் இசைக்கலைஞர் டியூக் பூட்டீ. எரிந்த பிராங்க்ஸின் உடைந்த கண்ணாடிகளையும் நாற்றத்தையும் அப்படியே சொன்ன பாட்டு அது. ராப் சமூகத்தைப் பேசக்கூடியது என்று நிறுவியதும் அதுதான். அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. உறையில் முதலில் இருக்கும் பெயருக்குரியவர் உள்ளே இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

கைகள் வேறு வழியாகத் திரும்பி வந்தன. 1987-ல் வெளிவந்த ஒலித்துண்டுகளைப் பதிந்துவைத்துத் திரும்ப ஒலிக்கவிடும் எஸ்.பி. 1200 என்ற சாம்பிளர் கருவியில் மொத்தம் பத்து வினாடி ஒலியைத்தான் சேமிக்க முடியும். நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்துக்குரிய தட்டை 45-ல் ஓட்டிப் பதிவுசெய்து, பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்தால் அந்தப் பத்து வினாடிக்குள் அதிகம் அடைக்கலாம். ஒலி சற்றுக் கரடுமுரடாகும். அந்தக் கரடுமுரடே அக்காலப் பதிவுகளின் சுவையாகிவிட்டது. ஹெர்க் இரண்டு கைகளால் சுற்றியதை இப்போது ஒரு பொத்தான் சுற்றியது. 1988-ல் வந்த பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் தொகுப்பில் பிரேக்குகளும் பேச்சுத் துண்டுகளும் அலறல்களும் அடுக்கடுக்காக வருவதைக் கேட்பவர்களுக்கு, பிராங்க்ஸ் பொதுக்கூடத்திலிருந்து இது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது புரியும்.

ஆனால் அந்தப் பிரேக்குகளை முதலில் வாசித்தவர்கள்? ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில், 1969-ல், கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த சில வினாடிகள் எண்ணற்ற ராப் பாட்டுகளின் முதுகெலும்பாயின. பாட்டின் உரிமை பிரவுனுடையது. டிரம் வாசிப்பதைப் பாட்டு எழுதுவதாகச் சட்டம் கருதாததால் ஸ்டபிள்ஃபீல்டுக்கு ராயல்டி வரவில்லை. 2017-ல் அவர் இறந்தார். இசைத்தட்டு முதலாளிகளுக்கோ சட்டம் துணையிருந்தது. 1991-ல், அயர்லாந்துப் பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ராப் கலைஞர் பிஸ் மார்க்கீ மீது தொடுக்கப்பட்ட வழக்கில், நியூயார்க் நீதிபதி "திருடாதே" என்ற விவிலியக் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதியும் பணமும் என்றானது. ஒரே பாட்டில் இருபது துண்டுகளை அடுக்கும் கலை, பெரும்பணம் உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு எட்டாததாகிவிட்டது. 1989-ல் வந்த டி லா சோல் குழுவின் முதல் தொகுப்பு, இந்த அனுமதிச் சிக்கல்களால் 2023 மார்ச்வரை எந்த ஸ்ட்ரீமிங் தளத்திலும் கிடைக்கவில்லை. மார்க்கீ தன் அடுத்த தொகுப்புக்கு, 'எல்லாச் சாம்பிள்களுக்கும் அனுமதி வாங்கியாயிற்று' என்று பொருள்படப் பெயர் வைத்தார்.

இந்தக் கதையில் ஒரு தமிழ்க்குரலும் வருகிறது. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் சுமார் பத்து வயதில் லண்டனுக்குத் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007-ல் வெளியிட்ட 'பேப்பர் பிளேன்ஸ்', 'தி கிளாஷ்' குழு 1982-ல் வாசித்த ஒரு கிட்டார்த் துண்டின் மேல் கட்டப்பட்டது. அடுத்த ஆண்டு கான்யே வெஸ்ட் அதிலிருந்து எம்.ஐ.ஏ. பாடிய ஒற்றை வரியை வெட்டி எடுத்து, அதைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, அதன்மேல் ஜே-சீ, டி.ஐ., லில் வெய்ன் ஆகியோரோடு தானும் சேர்ந்து ராப் செய்தார். 2009 பிப்ரவரியில் கிராமி விருது மேடையில் அந்த நால்வரோடு நிறைமாத வயிற்றுடன் அவரும் நின்று பாடினார். பாட்டைப் போட்டுக் கேளுங்கள்: நான்கு ஆண்கள் முறைவைத்துப் பேசுகிறார்கள், அடியில் அவருடைய ஒரு வரி ஸ்டபிள்ஃபீல்டின் டிரம்மைப் போலச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாட்டை எழுதியோர் பட்டியலில் கிளாஷ் குழுவினரின் பெயர்களோடு அருள்பிரகாசம் என்ற பெயரும் இருக்கிறது.