பத்தரை மணி போன்

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் ஃபேக்டரியில் லைனுக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. அதனால் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் சூப்பர்வைசர் மேசைக்குத்தான் வரும். பத்தரை மணி வாக்கில் அவர் எழுந்து என் பக்கம் பார்த்தாலே போதும், நான் கையுறையைக் கழற்ற ஆரம்பித்துவிடுவேன். "அம்மா, தம்பி இன்னைக்கு உட்காரவே மாட்டேங்கிறான், வந்து அழைச்சிட்டுப் போயிடுறீங்களா?" அதட்டல் கிடையாது, ரொம்பத் தன்மையாகத்தான் கேட்பார்கள். அதனாலேயே மறுக்க வாய் வராது.

மகனுக்கு எட்டு வயது. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. ஆட்டிசம். ஓய்வு நேரம் முடிந்து மணி அடிக்கும்போதுதான் வினை ஆரம்பிக்கும். மணி அவன் வகுப்பு வாசலுக்கு நேர் மேலே இருக்கிறது, அடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். வெளியே இழுத்தால் கத்துவான், கத்தினால் எனக்கு போன்.

அவனைப் பள்ளியிலிருந்து யாரும் நீக்கவில்லை, இதைச் சொல்லியே ஆகவேண்டும். நீக்குவதென்றால் கடிதம் வேண்டும், காரணம் எழுத வேண்டும், மேலிடத்துக்குப் போகும். வீட்டுக்கு அனுப்ப ஒரு போன் போதும். வருகைப் பதிவேட்டில் காலையிலேயே டிக் விழுந்துவிடுகிறது, ஆக காகிதத்தில் என் மகன் முழுநாள் படித்த மாணவன்!

தெரபிக்காகக் காத்திருந்த இடத்தில் பழக்கமான ஒரு அக்காதான் என்னைத் திட்டினார். "நீ ஏன்மா ஒவ்வொரு தடவையும் சரின்னு சொல்லிட்டு ஓடுறே? எழுதி வை." அன்றே மளிகைக் கடையில் ஒரு 555 நோட்டு வாங்கினேன். அதேதான், கடன் கணக்கு எழுதுகிற குட்டி நோட்டு. தேதி, நேரம், கூப்பிட்டது யார், சொன்ன காரணம், எத்தனை மணிக்குக் கேட்டைத் தாண்டினோம். இரண்டு மாதத்தில் பதினேழு வரி சேர்ந்தது. அதில் பதினான்கு, ஓய்வு முடிந்து கால் மணி நேரத்துக்குள் வந்தவை. எழுதுவதற்கு முன்னால் எனக்கே இது தெரியாது, பையனுக்கு மூடு சரியில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அக்கா இன்னொன்றும் சொன்னார்: அக்தா 685, பிரிவு 28. அதாவது 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம். உடற்குறை, கற்றல் குறைபாடு என்று எதைக் காட்டியும் ஒரு பிள்ளையைப் பொதுக் கல்வியிலிருந்து விலக்கக் கூடாது என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறது. அது மட்டுமில்லை, அரசும் சரி, தனியார் கல்வி நிலையங்களும் சரி, பிள்ளைக்குப் பொருந்தும்படி கட்டட வசதி, கருவிகள், பாடப்பொருள், கற்பிக்கும் முறை, பாடத்திட்டம் எல்லாவற்றிலும் தக்க ஏற்பாடு செய்துதர வேண்டும்.

படித்ததும் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. அப்புறம் முழுச் சட்டத்தையும் படித்தேன். மீறினால் என்ன தண்டனை? ஒன்றுமில்லை. 41-ஆம் பிரிவோ, நல்லெண்ணத்தோடு செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2)-ஆம் விதியில் மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் எல்லாம் உண்டு, உடற்குறை இல்லை. ஐநாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தை நாடு 2010-இல் ஏற்றது, ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நேரே நம் நீதிமன்றத்துக்குப் போய்விட முடியாது. இதே நாட்டில், ஆரம்பப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டப்படி 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூடச் சேர்ந்து கிடைக்கலாம். நான் அனுப்பாவிட்டால் குற்றம். அவர்கள் பத்தரைக்குத் திருப்பி அனுப்பினால்?

முன்பு இன்னும் மோசம். 1997-ஆம் ஆண்டு சிறப்புக் கல்வி விதிமுறையில், பிறர் உதவியில்லாமல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளைதான் "கற்பிக்கத் தக்கவன்". 2013-இல் வந்த புதிய விதிமுறையில் அந்தச் சொல் போய்விட்டது, ஆனால் பிள்ளை பொருந்துகிறானா என்று பார்க்க மூன்று மாதம் வரை சோதனைக் காலம் உண்டு. மூன்று மாதம் யார் யாரைச் சோதிக்கிறார்கள் என்பது வேறு கதை.

"சிறப்புக் கல்வி வகுப்பு இருக்கிற பள்ளிக்கு மாத்திடுங்களேன்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், என் மாமியார் உட்பட. பிபிகேஐ என்கிற அந்தச் சிறப்புக் கல்வி வகுப்பு கெட்டதென்று நான் சொல்லவே இல்லை. அங்கே ஒரு வகுப்பில் பிள்ளைகள் குறைவு, உதவியாளர் இருப்பார், மாதம் 150 வெள்ளி உதவித்தொகையும் உண்டு. ஆனால் பல தமிழ்ப்பள்ளிகளில் அந்த வகுப்பே இல்லை. எங்கள் பக்கத்தில் இருப்பது மலாயில் பாடம் நடத்தும் தேசியப் பள்ளியில். என் மகன் நாலரை வயதில்தான் முதல் வார்த்தை பேசினான், "தண்ணி". அவனிடம் இருக்கிற இருநூறு முந்நூறு வார்த்தையும் தமிழ்தான், அதையும் விட்டுவிட்டு மலாயில் ஆரம்பி என்றால் அவன் திரும்பவும் வாயை மூடிக்கொள்வான் என்று எனக்குப் பயம்.

சரி, தலைமையாசிரியரைப் பார்க்கப் போனேன். சண்டை போடும் எண்ணம் இல்லை. வகுப்பாசிரியை முப்பத்து நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகத் திண்டாடுகிறார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. 28-ஆம் பிரிவு இருக்கிற பக்கத்தையும் 555 நோட்டையும் மேசைமேல் வைத்தேன். "ஐயா, இனிமே தம்பியை அழைச்சிட்டுப் போகச் சொன்னா உடனே வர்றேன். ஆனா ஏன் அனுப்புறீங்கன்னு ரெண்டு வரி எழுதி, பள்ளி முத்திரை குத்திக் கொடுத்துடுங்க. கல்வி அலுவலகத்துல கேட்டா நான் காட்டணும்ல."

அவர் நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாமே ஓய்வு முடிஞ்சு வந்ததா இருக்கே?" என்றார். ஆமாம் ஐயா, மணி. அதற்கப்புறம் அரைமணி நேரம் பேசினோம். இத்தனை நாளில் மகனைப் பற்றி அங்கே பேசியது அதுதான் முதல் தடவை, அதுவரை பேசியதெல்லாம் நான் எத்தனை மணிக்கு வந்து சேர்வேன் என்பதைப் பற்றி.

இப்போது ஓய்வு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஒரு பெரிய வகுப்பு மாணவி அவனை நூலகத்துக்குக் கூட்டிப் போகிறாள். மணி அடித்து முடிந்ததும் திரும்ப வருகிறான். செலவு ஒரு காசு இல்லை. இந்த மாதம் போன் இரண்டே தடவை, அதில் ஒன்று நிஜக் காய்ச்சல். முத்திரை குத்திய கடிதம் மட்டும் இதுவரை ஒன்றுகூட வரவில்லை. தனிநபர் கல்வித் திட்டம், அதான் ஆர்பிஐ, அவனுக்கும் ஒன்று போட்டுத் தாருங்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்மா" என்றிருக்கிறார்கள். அதையும் தேதி போட்டு எழுதியாகிவிட்டது.

28-ஆம் பிரிவு மலாயிலேயே கிடைக்கிறது, "அக்தா ஓராங் குராங் உப்பாயா 2008" என்று தேடுங்கள். மலாய்ப் பக்கத்தையே அச்செடுங்கள், அலுவலகத்தில் அதைத்தான் படிப்பார்கள். ஜெலுத்தோங்கில் நான் போன போட்டோஸ்டாட் கடையில் பக்கத்துக்கு 20 காசு. இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.